தட்டுப்பாடும் திரிபும்

2021ஆம் ஆண்டின் கோடையில் தமிழ்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விகள் இரண்டு. ‘ஊசி கிடைக்குமா?’ என்பது முதற் கேள்வி. ‘கிடைத்தாலும் இந்தப் புதுக் கிருமி அதற்குக் கேட்குமா?’ என்பது இரண்டாவது கேள்வி. நகரத்து மருத்துவமனை வாயிலிலும், சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்து முன்றிலிலும், நியாய விலைக் கடை வரிசையிலும் இவ்விரண்டையும் நான் பன்முறை கேட்டதுண்டு. கேட்டவர்களுள் கல்லாதாரும் இருந்தனர், கற்றாரும் இருந்தனர். முதற் கேள்வி ஒரு பண்டத்தின் பற்றாக்குறையைக் குறித்தது. இரண்டாவது கேள்வி, கொரோனா வைரஸ் என்னும் நச்சுயிரி அடிக்கடி உருமாறிப் புதிய திரிபுகளாகத் தோன்றியதைக் குறித்தது.

மாணவ நண்பர்களே, இக்கவலைகள் அவ்வாண்டில் திடீரென முளைத்தவை அல்ல. தடுப்பு மருந்துக்குத் தட்டுப்பாடு என்னும் கவலைக்கு நம் நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நோய்க்கிருமி உருமாறி வரும் என்னும் கவலைக்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும் இயல்பின என்பதும், இரண்டுக்கும் உரிய காப்பினை நோய் வராத நாளிலேயே தேடிக்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கும். அதனை உங்கள் முன் சுருக்கமாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பெரியம்மையிலிருந்து தொடங்குவோம். 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் பசுவிடமிருந்து தொற்றிய அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்தார். அச்சிறுவனைப் பெரியம்மை அணுகவில்லை. கொடிய நோய்க்கு எளிய காப்பு கிடைத்துவிட்டது. ஆனால், அக்காப்பினை உலகின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்வது எவ்வாறு? அக்காலத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. நூலிலும் கண்ணாடித் துண்டிலும் உலர்த்தி அனுப்பிய அம்மைப்பால், கடற்பயணத்தின் வெப்பத்தில் வலியிழந்து போயிற்று. ஆகவே, உயிருள்ள மனிதரின் உடலே அம்மைப்பாலைச் சுமக்கும் கலமாயிற்று. ஒரு குழந்தைக்கு அம்மைப்பால் வைத்து, ஏறத்தாழ எட்டாம் நாள் எழும் கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். அதனிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு. இவ்வாறு கைவிட்டுக் கை மாறி, பாக்தாத், பாஸ்ரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அது பலித்தது. இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் வைக்கப்பெற்றவள் அச்சிறுமியே. அவள் கையிலிருந்து கிளைத்த அந்தச் சங்கிலி, அவ்வாண்டிலேயே சென்னையையும் எட்டியது. மறு ஆண்டில், ஸ்பெயின் நாட்டார் அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பால் அனுப்ப விரும்பியபோது, பெற்றோரற்ற 22 குழந்தைகளைக் கப்பலில் ஏற்றி, அவர்களின் கைகளிலேயே அதனைக் கடல் கடத்தினர்.

இந்த முறையின் இடர்ப்பாட்டை நீங்கள் எளிதில் உணரலாம். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால், ஊரெங்கும் மருந்து இல்லை. தம் குழந்தையின் புண்ணைக் கீறி நீர் எடுப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. ஒருவர் உடலில் உள்ள வேறு நோய் மற்றவர்க்குத் தொற்றிவிடும் என்ற அச்சமும் இருந்தது. அவ்வச்சம் முற்றும் பொய்யுமன்று. அச்சம் மிகுந்தபோது குழந்தைகள் வரவில்லை; குழந்தைகள் வராதபோது மருந்தும் கிடைக்கவில்லை. ஐயமும் தட்டுப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் இதனை மீண்டும் காணப் போகிறோம்.

இந்த இடரிலிருந்து மீட்டது எது? மனிதக் கைகளை நம்பியிராமல், கன்றுகளின் தோலில் அம்மைப்பாலைப் பெருமளவில் வளர்த்தெடுக்கும் முறையே. சென்னை மாகாணத்தில் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர், மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ. ஜி. கிங். ஆட்டு மயிரிலிருந்து கிடைக்கும் லானோலின் என்னும் கொழுப்பில் அம்மைப்பாலைக் குழைத்து வைத்தால் வெப்பத்தைத் தாங்கும் என்று கண்டவர் அவர். 1899இல் கிண்டியில் அமைந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘கிங் நிலையம்’ என்றவுடன் ஏதோ ஒரு மன்னரின் நினைவாக எழுந்தது என்று எண்ணுவோர் பலர். அது மன்னர் பெயரன்று. மருந்து கெடாமல் கிராமத்தைச் சென்றடைய வேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு மருத்துவரின் பெயர். பிற்காலத்தில், உறையவைத்து உலர்த்திய பொடியாக அம்மைப்பாலைச் செய்யும் முறை வந்தபோது, அதனைச் செய்த இந்திய நிலையங்களுள் கிண்டியும் ஒன்றாயிற்று. 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

பெரியம்மையை வெல்ல நமக்குத் துணை செய்த மற்றொரு செய்தியும் உண்டு. அந்த நச்சுயிரி மிக மெதுவாகவே மாறும் இயல்புடையது. ஜென்னர் காலத்துக் காப்பு, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதனைத் தடுத்தது. ஆகவே அக்காலத்தார் கேட்க வேண்டியிருந்தது முதற் கேள்வி ஒன்றே: ‘மருந்து கிடைக்குமா?’ இரண்டாவது கேள்வியை நம் நாட்டுக்குத் தெளிவாகக் கற்பித்தது வேறொரு நோய். அதனைக் காண, கிண்டியை விட்டு நீலகிரிமீது ஏறிக் குன்னூருக்குச் செல்ல வேண்டும்.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இந்நாட்டில் வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் முறையில் சிகிச்சை செய்த நிலையம், இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் இருந்தது. தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர் அங்கே போய்ச் சேருமுன் நாட்கள் பல கழிந்துவிடும். மருந்து உலகில் இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் எட்டும் தூரத்தில் இருப்பது வேறு என்னும் பாடத்திலிருந்தே குன்னூர் நிலையம் பிறந்தது எனலாம். பின்னர், 1950ஆம் ஆண்டில், இன்ஃபுளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலின் நச்சுயிரியைக் கண்காணிக்கும் நடுவம் ஒன்றும் அங்கே அமைந்தது. சளிக்காய்ச்சல் நச்சுயிரி, பெரியம்மையைப் போன்றதன்று; ஓயாமல் உருமாறுவது. சென்ற ஆண்டில் நம் உடல் கற்ற எதிர்ப்பு, இவ்வாண்டு வரும் உருவுக்குப் போதாமல் போகலாம்.

அது வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பதை 1957 காட்டிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் தென் சீனத்தில் தோன்றிய புதிய சளிக்காய்ச்சல், ஏப்ரலில் ஹாங்காங்கையும், பின்னர் சிங்கப்பூரையும் அடைந்தது. மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் பயணம் செய்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. இந்தியாவுக்குள் அந்நோய் நுழைந்த வாயில் நம் சென்னையே. 1958 பிப்ரவரிக்குள் நாடெங்கும் பதிவான நோயாளர் 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பதிவான இறப்பு ஆயிரத்தைத் தாண்டிற்று. பதிவாகாதவை எத்தனையோ! குன்னூர் ஆய்வாளர்கள் அந்நச்சுயிரியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அதன் போக்கை உலகுக்கு எழுதி வைத்தனர். அதே வேளையில், அமெரிக்காவில் மாரிஸ் ஹில்லெமன் என்னும் அறிஞர், ஹாங்காங் செய்தியை நாளேட்டில் படித்தவுடனேயே ஆபத்தை உணர்ந்து, அந்நச்சுயிரியை வரவழைத்து, மருந்துச் சாலைகளை முடுக்கிவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே ஏறத்தாழ 4 கோடிக் குப்பியளவு ஊசிமருந்து உருவாயிற்று. நம் நாட்டிலோ, மக்கள் அனைவர்க்கும் போதிய தடுப்பூசி வருவதற்கு முன்னரே அலை நம்மைக் கடந்து சென்றுவிட்டது. கண் விழித்திருந்தது, கைக்கு மருந்து எட்டவில்லை. கிருமியைக் காணும் கண்ணும் மருந்து செய்யும் கையும் ஒருங்கே வேண்டும் என்பது 1957 தந்த பாடம்.

இந்தப் பாடத்தை நாம் எவ்வளவு போற்றினோம்? கசௌலியின் மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூரின் பாஸ்டர் நிலையம், 1948இல் கிண்டியில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் ஆகிய மூன்று அரசு நிலையங்களும், பல பத்தாண்டுகளாக இந்நாட்டுக் குழந்தைகளுக்கு வேண்டிய தடுப்பூசிகளைக் குறைந்த செலவில் செய்து கொடுத்து வந்தன. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டில் இருப்பவை. 2008ஆம் ஆண்டு ஜனவரியில், உற்பத்தி நடைமுறைகள் இக்காலத் தரத்துக்கு ஒத்திருக்கவில்லை என்று கூறி, மூன்றின் உற்பத்தி உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. குழந்தையின் உடலில் செலுத்தும் மருந்துக்குத் தரம் வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், கிணற்று நீர் கலங்கினால் தூர் வாரிச் செப்பனிடுவது ஊர் வழக்கம். கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருப்பது வழக்கமன்று. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பின், 2010இல் உரிமங்கள் திரும்ப வழங்கப்பட்டன. எனினும், இடைப்பட்ட காலத்தில் ஓட்டம் தடைப்பட்டது.

பின்னர், 2012இல், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 100 ஏக்கர் நிலப்பரப்பில், 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றை அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் கட்டடங்கள் எழுந்தன, பொறிகளும் வந்தன. ஆனால் கொரோனாப் பெருந்தொற்று நம் நாட்டை வந்தடைந்த 2020ஆம் ஆண்டில், அந்த வளாகம் முழு உற்பத்தியைத் தொடங்காமல் நின்றிருந்தது. இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டு 2021ஆம் ஆண்டிற்கு வருவோம்.

அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. புனேயில் உற்பத்தியான கோவிஷீல்டு, ஐதராபாத்தில் உற்பத்தியான கோவாக்சின் என இரண்டு ஊசிகள் இருந்தன. மருத்துவப் பணியாளர்க்கும் முன்களப் பணியாளர்க்கும் முதலில். மார்ச்சு மாதம் முதியோர்க்கு. ஏப்ரல் முதல் நாளிலிருந்து 45 வயதைக் கடந்த அனைவர்க்கும். தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஊசி இருந்தது. போட்டுக்கொள்ள வந்தவர்கள் குறைவு. ஐயமே அதற்குக் காரணம். நடிகர் விவேக், மக்களுக்கு ஊக்கமூட்டும் பொருட்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஊசி போட்டுக்கொண்டு, மாரடைப்பால் 17ஆம் நாள் மறைந்தபோது, அந்த ஐயம் பன்மடங்காயிற்று. அவருடைய மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று வல்லுநர் குழு ஆராய்ந்து கூறியது; ஆனால் அம்முடிவு மக்களுக்குத் தெரியவந்தது அக்டோபரில். வதந்திக்குக் கால்கள் பல. ஆராய்ச்சி ஓர் அடி வைத்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

அதற்குள் இரண்டாம் அலை எழுந்துவிட்டது. டெல்டா என்று பின்னர்ப் பெயர் பெற்ற புதிய திரிபு, முந்தியவற்றைவிட மிக விரைவாகப் பரவியது. மே 21ஆம் நாள் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு நோய் உறுதியாயிற்று. மருத்துவமனைகளில் படுக்கை இல்லை, உயிர்வளி இல்லை, சுடுகாட்டிலும் வரிசை. நேற்று வரை ஊசிக்கு அஞ்சியவர்கள் இன்று அதனைத் தேடி ஓடிவந்தனர். அந்த நேரத்தில்தான் மருந்து தீர்ந்தது. மே முதல் நாளிலிருந்து 18 வயதைக் கடந்த அனைவரும் ஊசிக்கு உரியவர் என்று அறிவிப்பு வந்தது. அவ்வயதினர்க்கான ஊசியை மாநிலங்களே உற்பத்தியாளரிடம் விலைக்கு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. ஆனால் வாங்குவதற்குச் சரக்கு எங்கே? தமிழ்நாட்டில் அவ்வயதினர்க்கான இயக்கம் மே 20ஆம் நாள்தான் திருப்பூரில் தொடங்க முடிந்தது. மூன்றரைக் கோடி ஊசிகளுக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியது தமிழ்நாட்டு அரசு. விற்க முன்வந்தவர் எவருமில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் பல மையங்களின் வாயிலில் ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்ற பலகை தொங்கியது. விடியற்காலையில் வந்து வரிசையில் நின்று, நண்பகலில் வெறுங்கையுடன் திரும்பிய முதியவர்களை நான் கண்டேன். அவர்களுள் பலருக்கு அது மூன்றாவது நாள், நான்காவது நாள்.

செங்கற்பட்டு வளாகத்தை எல்லாரும் நினைத்துக்கொண்டது அப்போதுதான். மே மாத இறுதியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனை நேரிற் சென்று பார்த்து, மாநில அரசிடம் குத்தகைக்கு விடுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனால், நின்றுபோன ஆலையைச் சில கிழமைகளில் ஓட்டிவிட இயலுமா? உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்யும் மருந்துக்குப் பயின்ற கைகள் வேண்டும், சான்றுகள் வேண்டும், சோதனை ஓட்டங்கள் வேண்டும். வெள்ளம் வந்தபின் ஏரிக்கரையைக் கட்ட இயலாது. அந்த நெருக்கடியில் ஒரு குப்பி கொரோனாத் தடுப்பூசியும் அங்கிருந்து வெளிவரவில்லை.

தட்டுப்பாடும் திரிபும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதை இனிக் காண்போம். கோவிஷீல்டு இரண்டு தவணையாகப் போட வேண்டிய ஊசி. தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே 4 முதல் 6 கிழமைகள். மார்ச்சில் அது 6 முதல் 8 கிழமைகள் ஆயிற்று. மே 13ஆம் நாள் 12 முதல் 16 கிழமைகள் என்று நீட்டப்பட்டது. இடைவெளி நீண்டால் எதிர்ப்பாற்றல் பெருகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த சோதனைகளில் சான்று இருந்தது. இருக்கும் மருந்தை மிகுதியானவர்க்கு ஒரு தவணையேனும் கொடுக்கலாம் என்னும் வசதியும் அதில் இருந்தது. ஆனால் டெல்டா வந்து இந்தக் கணக்கைக் கலைத்தது. அத்திரிபால் வரும் நோயை ஒரு தவணை ஊசி ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கே தடுக்கிறது என்றும், இந்த ஊசியின் இரண்டு தவணைகளும் நூற்றுக்கு 67 பங்கு தடுக்கின்றன என்றும் பிரிட்டன் ஆய்வு தெரிவித்தது. பலருக்கு ஒன்றா, சிலருக்கு இரண்டா? மருந்து போதிய அளவு இருந்திருந்தால் இந்த வினா இத்துணைக் கொடியதாக எழுந்திராது. பந்தியில் சோறு குறைவாக இருக்கும்போது, யாருக்கு அரை வயிறு, யாருக்கு முழு வயிறு என்று கணக்கிடும் நிலைக்கு அரசுகளும் அறிஞர்களும் தள்ளப்பட்டனர்.

அப்படியானால், ‘இந்தப் புதுக் கிருமி ஊசிக்குக் கேட்குமா?’ என்ற கேள்விக்கு விடை என்ன? விடை நம் மாநிலத்திலேயே கிடைத்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும், தமிழ்நாட்டுக் காவல் துறையினர் 1,17,524 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை, அதாவது அலை எழுந்து உயர்ந்த காலத்தில், அவர்களுள் 31 பேர் கொரோனாவால் மாண்டனர். ஊசியே போடாதவர் 17,059 பேர். அவர்களுள் இறந்தவர் 20. ஒரு தவணை போட்டவர் 32,792 பேர், இறந்தவர் 7. இரண்டு தவணை போட்டவர் 67,673 பேர், இறந்தவர் 4. இலட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள்: ஊசி போடாதவருள் 117, ஒரு தவணை போட்டவருள் 21, இரண்டும் போட்டவருள் 6. கணக்கு வகுப்பில் நீங்கள் செய்யும் எளிய வகுத்தல்தான் இது. ஆயினும் இதைவிட உறுதியான ஆறுதலை அக்கோடையில் எந்தச் சொற்பொழிவும் தந்திருக்க இயலாது. ஊசி நோய் தொற்றுவதை முற்றும் தடுக்காது. ஆனால் உயிரைப் பெரும்பாலும் காக்கும். இத்தெளிவைத் தந்தவை, கொளுத்தும் வெயிலில் சாலைச் சந்திகளில் நின்ற காவலர்களின் பதிவேடுகள்.

திரிபு என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதையும் மாணவர்கள் அறிதல் நலம். நச்சுயிரி ஓர் உடலுக்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுக்கிறது. ஏடு பெயர்த்து எழுதுவோர் கைப்பிழையால் சுவடிகளில் பாடபேதம் தோன்றுவது போல, இந்தப் படிகளிலும் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகள் பயனற்றுப் போகும். ஒன்றிரண்டு பிழைகள் நச்சுயிரிக்குச் சாதகமாக அமைந்து, அது விரைந்து பரவவோ, நம் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பவோ வழி செய்யும். நோயுற்றவர் தொகை பெருகப் பெருகப் படிகளின் தொகை பெருகும். படிகள் பெருகப் பெருகப் பிழைகளும் பெருகும். ஊசி இல்லாத ஊரில் நோய் கட்டுக்கடங்காமல் பரவுவதால், தட்டுப்பாடு திரிபுக்கு இடங்கொடுக்கிறது. திரிபு தோன்றினால் ஊசியின் வலிமை குறைந்து, மேலும் ஒரு தவணை வேண்டியதாகிறது. அதனால் தட்டுப்பாடு மிகுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும் என்று நான் முதலிற் கூறியதன் பொருள் இதுவே.

இந்தச் சுழல் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அடங்குவதன்று. 2021 ஏப்ரல் வரை இந்தியா 6 கோடிக்கு மேற்பட்ட ஊசிகளைப் பிற நாடுகளுக்கு அனுப்பியிருந்தது. இரண்டாம் அலை தாக்கியபோது ஏற்றுமதி நின்றது. நம் வீடு பற்றி எரிகையில் அது இயல்பே. ஆனால் புனேயின் ஊசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பல மாதங்கள் காத்துக் கிடந்தன. நவம்பர் மாத இறுதியில் அக்கண்டத்து மக்களுள் இரு தவணையும் பெற்றவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நவம்பர் 24ஆம் நாள் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் புதிய திரிபு ஒன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். இரண்டு நாளில் அது ஓமிக்ரான் என்று பெயர் பெற்றது. அது முதன்முதலில் எங்கே தோன்றியது என்பது துணியப்படவில்லை. முதலில் கண்டு கூறியவர்களுள் அவர்கள் இருந்தனர் என்பது உறுதி. உண்மையை மறைக்காமல் உரைத்ததற்கு அவர்கள் பெற்ற பரிசு, பல நாடுகள் தங்கள் வானூர்தி வழிகளை அவர்களுக்கு அடைத்தமையே. டிசம்பர் 15ஆம் நாள் ஓமிக்ரான் தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. அடைத்த கதவுகள் அதனைத் தடுக்கவில்லை.

அக்காலத்தில் நாம் செய்த நல்லனவும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு முறையன்று. ஜூன் 21 முதல் மத்திய அரசே மாநிலங்களுக்கு வேண்டிய ஊசியை வாங்கி வழங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வரத்தும் படிப்படியாகக் கூடியது. செப்டம்பர் 12ஆம் நாள் தமிழ்நாட்டில் மாபெரும் முகாம்கள் நடந்தபோது, ஒரே நாளில் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். மக்கள் வரமாட்டார்கள் என்று முன்னர்ப் பேசப்பட்டது. மருந்து வந்தது, மக்களும் வந்தனர். அதுவரை நச்சுயிரியின் மரபணுத் தொடரைப் படித்தறிய மாதிரிகளைப் பெங்களூருவுக்கு அனுப்பி விடைக்காகக் காத்திருந்தோம்; அதே செப்டம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் மாநிலத்தின் சொந்த மரபணுப் பகுப்பாய்வுக்கூடம் திறக்கப்பட்டது. 1957இல் குன்னூர் பெற்றிருந்த கண்ணைப் போன்றதொரு கண் சென்னையிலும் திறந்தது எனலாம்.

மாணவ நண்பர்களே, பெருந்தொற்று தணிந்தபின் அதனை மறந்துவிட விரும்புவது மனித இயல்பு. வரிசையில் நின்ற கால்வலி மறந்துபோகும். மூடிய பள்ளிக் கதவும் மறந்துபோகும். ஆனால் தடுப்பு மருந்து செய்யும் ஆலைக்கும், கிருமியைக் காணும் கூடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டியது, மக்கள் மறந்திருக்கும் அந்த அமைதிக் காலத்தில்தான். பயன் தெரியாத ஆண்டுகளில் செலவு வீண் போலத் தோன்றும். தீயணைப்பு நிலையத்தில் ஓராண்டு மணி ஒலிக்கவில்லை என்பதற்காக, வண்டியை விற்றுவிடுவார் உண்டோ?

உங்களுள் சிலர் நாளை ஆய்வாளர் ஆவீர்கள், சிலர் மருத்துவர் ஆவீர்கள், சிலர் வரவு செலவுத் திட்டம் வகுக்கும் இடத்தில் அமர்வீர்கள், எல்லாரும் வாக்களிப்பீர்கள். கிண்டி வழியாகச் செல்லும்போது கிங் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். குன்னூருக்குச் சுற்றுலா செல்லும்போது பாஸ்டர் நிலையத்தின் முன் சற்று நில்லுங்கள். செங்கற்பட்டைக் கடக்கும்போது அந்த வளாகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று விசாரியுங்கள். இவ்வாண்டு அங்கே என்ன மருந்து உருவாகிறது, எத்தனை பேர் பணி செய்கிறார்கள், காலியான இடங்கள் நிரப்பப்பட்டனவா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. 2021இல் வரிசையில் நின்ற முதியவர் கேட்ட ‘ஊசி கிடைக்குமா?’ என்ற கேள்வியை, நோயில்லாத நாளில் நாம் கேட்டுக்கொண்டே இருந்தால், மற்றொரு பெருந்தொற்று வரும் நாளில் அவருடைய பேரன் அதே கேள்வியுடன் விடியற்காலையில் வந்து நிற்க வேண்டியிராது.